கன்னியம்மாவின் கிழங்கு

1951 ஜூலை 12, வியாழன்

திருவொற்றியூர்க் குப்பத்து மகாஜனங்களுக்கு ஒன்பதாம் வகுப்பு குமாரவேல் ஆகிய நான் பணிந்து அறிவிப்பது: இன்று காலை ஏழு மணிக்கு எங்கள் வேலியோரம் ஒன்றும் முளைக்கவில்லை.

கன்னியம்மா அக்கா நட்ட கண்வலிக்கிழங்கு. கோடையில் கொடி காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் தூங்கி, ஆடியில் முளைத்து, கார்த்திகையில் பூக்கும். அக்கா மாசியில் காய்ச்சலில் போனாள். அதிலிருந்து அம்மா யாரோடும் பேசுவதில்லை. அரிசி களைந்த தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். சோறு நானும் நைனாவும் போட்டுத் தின்கிறோம்.

பேர்தான் கண்வலிக்கிழங்கு. எனக்குக் கண்ணும் வலிக்கவில்லை, எதுவும் வலிக்கவில்லை. சாவுக்கு வந்தவர்கள் என்னைக் கல் என்றார்கள். அதிலும் கொஞ்சம் பெருமைதான்.

ஜூலை 19

இல்லை.

ஜூலை 23

விரலால் தோண்டிப் பார்த்தேன். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு. ஒரு நுனி அழுகல், மறு நுனியில் வெள்ளையாக முளை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று — ஏன் பார்த்தேன்? ஒடிந்துவிட்டது. நுனி போனால் அவ்வளவுதான் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மண்ணைத் தள்ளி மூடினேன். அம்மா வந்து தண்ணீர் ஊற்றினாள்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

வெற்றி. தோஸ்து பஷீர் அடையாளம் சொன்ன புழல் ஏரிக்கரைப் புதரில், முளைவிட்ட கிழங்கு ஒன்றை மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து நட்டாயிற்று. பழையதை வேலிக்கு வெளியே புதைத்துவிட்டேன். பஸ்ஸில் கண்டக்டர், “இன்னாடா சாக்குல?” என்றான். நான் விட்ட ஜோக்கில் டிக்கெட்டே கிழிக்கவில்லை. எங்கள் டோல்கேட் ஸ்டாப் வரை ஓசி. குமாரவேலா, கொக்கா?

ஆகஸ்ட் 26

ஒரு முழம். இலை நுனி சுருண்டு வேலித்தட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அம்மா தொட்டுப் பார்த்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அக்டோபர் 14

மழை. சொல்ல ஒன்றுமில்லை.

நவம்பர் 20, செவ்வாய்

பூத்துவிட்டது. அடியில் மஞ்சள், மேலே சிவப்பு.

அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது அவ கெழங்கு இல்ல” என்றாள்.

நான் வேலித்தட்டியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

“அவ கெழங்க நாய் தோண்டிப் போட்டுச்சி. மொள ஒடஞ்சி கெடந்துது. தண்ணி ஊத்துறப்பவே பாத்துட்டேன்” என்றாள் அம்மா.

“அப்பறம் ஏம்மா தெனம் தண்ணி ஊத்துனே?”

“நீ எங்கியோ போயி எட்த்துகினு வந்து நட்டு வச்சிகீறியே.”

கொஞ்சம் கழித்து, “வெஷம்டா அது. கைய கழுவிகினு வா, துன்னலாம்” என்றாள். அக்கா வார்த்தை மாறாமல் அதையேதான் சொல்வாள். மூன்று பேருக்கும் அம்மாதான் சோறு போட்டாள்.

ஒரு திருத்தம். ஆகஸ்ட் 5-ல் எழுதிய ஜோக் — அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சாக்கில் என்ன என்று கண்டக்டர் கேட்டதும் “எங்கக்கா” என்று வாயில் வந்துவிட்டது. டோல்கேட் வரை அழுதேன். அவர் டிக்கெட் கேட்காமல் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார்.