‘விடு’ போட வேண்டிய இடம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது, அதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. நீயும் உனக்கு வரப்போகிறவளும் நலமாக இருக்க வேண்டும். முதலில் ஒரு பிழையைத் திருத்தவேண்டியிருக்கிறது. உன் கல்யாணம் எனக்குப் பிடிக்கவில்லை, பஸ் ஓட்டுகிற பெண்ணா நம் வீட்டுக்கு என்று நினைத்து, விசா ஆபீசில் வேண்டுமென்றே ஏடாகூடமாகப் பேசி மறுக்க வைத்துவிட்டேன் என்று உன் அத்தை உனக்குப் போன் செய்தாளாம். எனக்கும் செய்தாள், நான் சொன்னது சரிதானே அண்ணி என்று கேட்டாள். சரியில்லை. நாற்பத்தொரு வயதில் நீ ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறாய், அவளும் காலை ஐந்து நாற்பது என்றால் ஐந்து நாற்பதுக்கு வண்டியை எடுக்கிறவள். கடிகாரம் பார்க்கத் தெரிந்த இன்னொரு ஆள் நம் குடும்பத்துக்கு வருகிறாள், அதை நானா கெடுப்பேன். உன் அத்தைக்கும் இதையே எழுதி அனுப்பியிருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அழைப்புக் கடிதம் வேண்டும் என்றார்கள். முனையில் கடை வைத்திருக்கிறானே அந்த ஏஜென்ட், எதைக் கொடுத்தாலும் முத்திரை குத்துவதால் தெருவே அவனை சீல் என்றுதான் கூப்பிடுகிறது, அவன், தனியாக ஒன்று எழுதி வாங்க நாளாகும், மகன் உங்களுக்குப் போட்ட லெட்டரே போதும்மா, இங்கிலீஷில் மாத்தி வெச்சுடலாம் என்றான். நீ அதில் என்ன எழுதியிருந்தாய், கல்யாணத்துக்கு வந்துடுங்கம்மா, அங்கே உங்களுக்கு யார் இருக்கா என்று. தமிழில் அதற்கு ஒரு குற்றமும் இல்லை, நானே இரண்டு தரம் படித்தேன். மொழிபெயர்த்த மகானுபாவர் ‘வந்துடுங்க’வில் ஒளிந்திருக்கும் ‘விடு’வைப் பிடித்துக்கொண்டு அதை ‘நிரந்தரமாக என்னிடமே வந்து தங்கிவிடுங்கள்’ என்றும், ‘யார் இருக்கா’ என்பதை ‘அங்கே உங்களுக்கு ஒருவரும் இல்லை’ என்றும் ஆக்கிவிட்டார். சீல் அதன்மேல் இரண்டு முத்திரை குத்தினான். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். கண்ணுக்கு மருந்து விட்டிருந்தேன், எழுத்து மங்கலாகத் தெரிந்தது என்று சாக்குச் சொல்ல மாட்டேன். முப்பத்தாறு வருஷமாக அச்சகத்தில் அடுத்தவர் எழுத்துக்குப் புரூஃப் பார்க்கிறவள், என் காகிதத்தை நான் பார்க்கவில்லை. கான்வென்டில் எங்கள் மதர் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்ட விரலிலேயே ஸ்கேலால் தட்டியிருப்பார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி மூன்று நிமிடம் பேசினார். திரும்பி வருவீர்களா என்றார், வருவேன் என்றேன், உங்கள் மகன் அப்படி எழுதவில்லையே என்று அந்த வரியில் பேனாவை வைத்துக் காட்டினார். நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்று எங்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை என்று வீட்டுக்குக் கடிதம் வந்தது. எழுபத்துநான்கு வயதில் சொன்ன சொல்லைக் காப்பாற்றமாட்டேன் என்று எனக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பையிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, புரூஃப் பார்ப்பதுபோல் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். பாஸ்போர்ட்டில் என் அப்பாவின் இனிஷியல், உன் அப்பா போனபின் எனக்கு வருகிற குடும்பப் பென்ஷன் புத்தகத்தில் அவர் இனிஷியல், பார்க்கிறவர்களுக்கு அது இரண்டு பெண்கள். இரண்டும் ஒருத்திதான் என்று வக்கீலிடம் பிரமாணப் பத்திரம் வாங்கிவிட்டேன். போட்டோ நாலு வருஷத்துக்கு முந்தியது, அதில் எனக்குக் கன்னம் இருக்கிறது. அப்புறம் நீ, பாங்கில் தொகை பெரிதாகத் தெரியட்டும் என்று விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் அனுப்பினாயே, அது என் பென்ஷன் வரிசைக்கு நடுவே வெள்ளைப் புடவையில் சிவப்பு ஒட்டுப் போட்டதுபோல் நிற்கிறது. எங்கிருந்து வந்தது, யாருடையது என்று ஒரு துண்டுக் காகிதம்கூட வைக்கவில்லை. இனிமேல் அப்படி அனுப்பாதே, செலவை நீ ஏற்றுக்கொள்வதானால் அதை உன் கடிதத்தில் எழுதி, உன் சம்பளச் சீட்டையும் சேர்த்து வை.

சீல் நேற்று வந்து, புது ஃபாரத்தில் முன்பு விசா மறுக்கப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கும்மா, இல்லைன்னு டிக் அடிச்சுடலாம், யார் பாக்கப்போறா என்றான். மறுத்தவர்களேதான் பார்க்கப்போகிறார்கள் என்றேன். பொய் என்று தெரிந்தால் பல வருஷம் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாதாம். அப்படி ஒரு தண்டனை இல்லாவிட்டாலும் எழுதமாட்டேன். ஃபைலைக் கையோடு வாங்கிக்கொண்டேன், இந்த முறை நானே நிரப்புகிறேன், ஆம் என்று எழுதி ஏன் என்றும் எழுதுகிறேன்.

நீ போனில், விட்டுடுங்கம்மா, வீடியோவில் பாத்துக்கலாம் என்றாய். விடமாட்டேன். உனக்கு நான் ஒருத்திதான் தாய், உன் கல்யாணம் நடக்கப்போகிற பதிவு அலுவலகத்தில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு, அதில் நான் உட்காருவேன். இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாய் அல்லவா, அதற்கும் பதில் சொல்கிறேன். வீடு என் பெயரில் இருக்கிறது. மாடியில் குடியிருக்கிற நர்ஸ், டியூட்டிக்குப் போகும்போது சாவியை என்னிடம்தான் கொடுக்கிறாள். அடுத்த பாடநூல் நான் பார்க்காமல் மெஷினில் ஏறாது. முதலாளியிடம் முப்பது நாள் லீவு கேட்டதற்கு, முப்பத்தொண்ணாவது நாள் வரலேன்னா ஆள் விட்டுத் தூக்கிட்டு வருவேன் என்றார். அதையே கொஞ்சம் மரியாதையாக லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச்சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். பாவப்பட்ட அம்மா என்று யாரிடமும் என்னைக் காட்டாதே, அது பொய், விசாவுக்கும் உதவாது.

புதுக் கடிதம் எனக்கு வேண்டாம், விசா ஆபீசுக்கே எழுது, ஆங்கிலத்தில் நீயே எழுது, அவளும் கையெழுத்துப் போடட்டும். முதலில் தமிழில் எழுதிப் பார், நான் சொல்கிறபடி. அம்மா என் திருமணத்துக்கு வருவார், முப்பது நாள் இருப்பார், திரும்பிவிடுவார். ‘விடு’ போட வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். நேரத்துக்குச் சாப்பிடு, அவள் எடுக்கிற முதல் வண்டிக்கு நீயும் எழுந்து டீ போட்டுக்கொடு. விண்ணப்பம் போட்டால் மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். பதிவுத் தேதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்க முடியுமா, முடியாதா என்று அவளைக் கேட்டுச் சொல். போனில் வேண்டாம், கடிதத்தில் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா