அடுப்படிக்குக் கேட்காத சுவர்

என் பிரியமுள்ள அத்தாவுக்கு, உங்கள் மேல் இன்னும் கோபம் தீராத மகள் ஸலாம் சொல்லி எழுதுவது.

ஆண்களுக்கு வசதி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கபுருஸ்தானுக்குள் போய், உங்களை அடக்கிய இடத்தில் தலைமாட்டில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். நம் ஊரில் பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. எனக்கு உங்களிடம் கேட்கவும் சொல்லவும் எவ்வளவோ கிடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்.

அம்மாவின் இத்தா முடிந்துவிட்டது அத்தா. கணவன் மௌத்தான பிறகு வெளியே எங்கும் போகாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் வீட்டோடு இருக்கிற அந்த மாதங்கள் முழுக்க நான் புதுக்கோட்டையிலிருந்து வந்து கூடவே இருந்தேன். உங்கள் மருமகன் முகம் சுளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறம்பக்குடிக்கு பஸ் ஏறி வந்து, காய்கறி மீன் எல்லாம் வாங்கிப் போட்டுவிட்டுப் போனார். அம்மா எந்த அறையில் இத்தா இருந்தார்கள் தெரியுமா? நீங்கள் கண்மூடிய அதே அறையில். ஹாலில் இருங்கம்மா, காற்றாவது வரும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

அந்த அறையை ஏன் அத்தா அப்படிக் கட்டினீர்கள்?

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க நீங்கள் சவூதியில் பார்த்தது சுவர் வேலைதான். தகர ஃபிரேமை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டை அறைந்து, நடுவில் பஞ்சைத் திணித்துவிட்டால் சுவர். காலையில் வெறும் இடமாக இருந்தது சாயங்காலம் ஆபீஸ் ரூம் ஆகிவிடும். "அது சுவரு இல்லம்மா, கட்டடத்துக்குப் போடுற சட்டை" என்று லீவில் வரும்போதெல்லாம் சொல்வீர்கள். ஊருக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுத்துவிட்டு, நீங்கள் படுத்துக் கிடந்த கேம்ப்பில் அதுகூடக் கிடையாது. ரூமுக்கும் ரூமுக்கும் நடுவில் ஒற்றைப் பிளைவுட். அந்தப் பக்கம் ஒருத்தர் இருமினால் உங்கள் தூக்கம் போய்விடும்.

போனில் நீங்கள் பேசியது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. ரகசியம் பேசுகிற மாதிரியே பேசுவீர்கள். அம்மா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "கொஞ்சம் சத்தமாத்தான் பேசுங்களேன் மச்சான், ஒண்ணுமே வெளங்கலை" என்பார்கள். "பக்கத்துல ஆளு படுத்திருக்கு ஜமீலா, எல்லாம் கேக்கும்" என்பீர்கள். பெண்டாட்டியிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேச விடாத சுவரின் மேல் உங்களுக்கு அவ்வளவு ஆத்திரம். ஆனால் மெதுவாகப் பேசுகிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகும், சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சோற்றுக்கு உப்பு கேட்பதைக்கூடக் கிசுகிசுவென்றுதான் கேட்பீர்கள்.

வீடு கட்ட ஆரம்பித்தபோது இன்ஜினியர் என்னவெல்லாம் சொல்லிப் பார்த்தார். பில்லர் போட்டு ஹாலோ பிளாக்கில் எழுப்பிவிடலாம், மளமளவென்று வேலை முடியும் என்றார். சாம்பல் கல் காட்டினார். தண்ணீரில் போட்டால் மிதக்கிற அந்த வெள்ளை லேசுக் கல்லையும் கொண்டுவந்து காட்டினார். நீங்கள் ஒவ்வொன்றையும் விரலை மடக்கித் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு ஒதுக்கி வைத்தீர்கள். சூளைச் செங்கல்கூட உங்களுக்குப் பத்தவில்லை. கடைசியில் லாரியில் வந்து இறங்கியது செம்புறாங்கல். பூமிக்குள் இருக்கிற வரை கத்தியால் செதுக்கலாமாம், வெட்டியெடுத்துக் காற்றுப் பட்டுவிட்டால் வருஷத்துக்கு வருஷம் இறுகுமாம். அதை எங்களிடம் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி.

வெளிச்சுவர் கனமாக இருந்தது சரி. அடுப்படிக்கும் படுக்கிற ரூமுக்கும் நடுவில் உள்ள சுவரையும் அதே கனத்துக்கு வைக்கச் சொன்னீர்கள். அப்போது முத்தையாக் கொத்தனார் மட்டக்கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"உள்சுவத்துக்கு எதுக்கு பாய் இம்புட்டு கனம்? நாலரை இஞ்சுல செங்கல்லை வச்சு ஏத்துனா ரூமு இன்னும் பெருசாக் கெடைக்கும்ல?"

"பக்கத்துல இருமுனா எனக்குக் கேக்கக் கூடாது முத்தையா. அம்புட்டுத்தான்."

"அது சரி. பக்கத்துல இருமப் போறது யாரு? ஒங்க வீட்டம்மாதானே பாய்?"

எல்லோரும் சிரித்தோம். நீங்களும்தான். அதற்குப் பிறகு ஏசி மாட்டினீர்கள், குளிர் வெளியே போகக் கூடாதென்று கதவு இடுக்கில் ரப்பர் ஒட்டினீர்கள். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நீங்கள், வெளியே உலகம். அந்தத் தூக்கத்தை நீங்கள் எவ்வளவு ஆசைப்பட்டுச் சம்பாதித்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கும் மத்தியானம் லுஹர் தொழுது, சாப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தீர்கள். அம்மா அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டு இருந்தார்கள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் டீயோடு போய்க் கதவைத் திறந்தார்கள். நீங்கள் சுவர்ப் பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தீர்கள். உங்கள் கை அடுப்படிச் சுவரின் மேல் இருந்தது, உள்ளங்கை பதிந்தபடி.

டாக்டர் நல்ல மனுஷர். "தூக்கத்திலேயே ஹார்ட் நின்னுருக்கும்மா, அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்றார். எல்லோரும் அதையே சொல்லி அம்மாவைத் தேற்றினார்கள். அம்மா யாரிடமும் எதிர்த்துப் பேசவில்லை. கூட்டமெல்லாம் போன பிறகு என்னிடம் மட்டும் கேட்டார்கள்.

"தூங்குனவரு கை எதுக்குடி சுவத்துல இருக்கு?"

அதற்குப் பதில் நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். கூப்பிட்டீர்களா அத்தா? சுவரைத் தட்டினீர்களா? அல்லது புரண்டு படுத்தபோது கை தானாகப் போய் விழுந்ததா? உங்களுக்குத்தான் தெரியும், நீங்களோ வாயைத் திறக்காமல் போய்விட்டீர்கள். என் கோபம் அதுதான்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு இதே நினைப்பு. சோறு இறங்கவில்லை. "நான் இங்கிட்டு நின்னு பூண்டு உரிச்சிக்கிட்டு இருந்தேன், அங்கிட்டு என்னயக் கூப்பிட்டுக்கிட்டே உசுரு போயிருக்கு" என்று சொல்லிச் சொல்லி அழுவார்கள். பக்கத்து மனையில் புதிதாக வீடு எழும்பிவிட்டது, ஹாலோ பிளாக்தான். புதுசாகக் கல்யாணமான ஜோடி குடிவந்திருக்கிறது. அவள் அவனைத் திட்டுவது நம் வாசலுக்கே கேட்கும். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "குடுத்து வச்சவ. அவன் முனகுனாக்கூட இவளுக்குக் கேக்கும்" என்று ஒரு நாள் சொன்னார்கள். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஒரு மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். "நூரு, நீ அடுப்படியில போயி நில்லு. நான் ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு, ஒங்க அத்தா படுக்குற எடத்துல படுத்து, அவுக மாதிரியே மெதுவாக் கூப்பிடுறேன். கேக்குதான்னு பாரு."

வேண்டாம்மா என்றேன். விடவில்லை. போய் நின்றேன். காதைச் சுவரோடு ஒட்ட வைத்துக்கூடப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எப்படிப் போய்ச் சொல்வேன்? அப்படிச் சொன்னால் நீங்கள் கூப்பிட்டிருக்கலாம் என்றாகிவிடும், அம்மா ஆயுசுக்கும் அழுவார்கள். கேட்டது என்று சொல்லிவிட்டால், நீங்கள் கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே கேட்டிருக்கும், அதனால் கூப்பிடவே இல்லை என்றாகும். நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடுவார்கள். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

"கேக்குதும்மா. நல்லாவே கேக்குது."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"என்னன்னு கேட்டுச்சு?"

"ஜமீலான்னு. அத்தா கூப்பிடுற மாதிரியே."

அம்மா என்னையே பார்த்தார்கள். பிறகு எழுந்து உட்கார்ந்தார்கள்.

"நான் வாயவே தொறக்கலை புள்ள."

திட்டுவார்கள் என்று நின்றேன். திட்டவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். "கூப்பிடணும்னுதான் படுத்தேன். அவுக படுத்த எடத்துல படுத்ததும் சத்தமே வரலை எனக்கு. அவுகளுக்கும் இப்புடித்தான் வராம இருந்துச்சோ என்னமோ" என்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதோம். உங்களை நினைத்து நான் முழுசாக அழுதது அன்றைக்குத்தான் அத்தா.

அழுது முடித்துவிட்டு அம்மா சொன்ன ஒரே வார்த்தை: "இத்தா முடியட்டும். முத்தையாவ வரச் சொல்லு. இந்தச் சுவரு வேணாம் எனக்கு."

எனக்குச் சம்மதமில்லை, அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த கல். அதில் கடப்பாரையைப் போடுவதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் அந்தச் சுவரோடு இருக்கப்போவது நானா, அம்மாதானே?

இத்தா முடிந்து, குளித்துத் தொழுதுவிட்டு அம்மா வெளியே வந்த அந்த வாரமே முத்தையா வந்தார். உங்கள் கட்டிலைப் பார்த்ததும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தார், மேலே தளத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"முழுசா எடுக்க முடியாது ஆத்தா. பில்லரே கெடையாது இந்த வீட்டுல, பாய் வேணாம்னுட்டாரு. மேல உள்ள தளம் பூரா இந்தச் சுவத்து மேலதான் ஒக்காந்திருக்கு. எடுத்தா அம்புட்டும் கீழ வந்துரும்."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப ஒரு ஓட்டையாச்சும் போட்டுக் குடுங்க முத்தையா" என்று கேட்டார்கள். வாய்விட்டுக் கெஞ்சிய மாதிரிதான் இருந்தது.

அவர் மனசு கேட்காமல் ஒத்துக்கொண்டார். தளத்துக்கு முட்டுக் கொடுத்தார். முதலில் சுவரின் மேலே நீளமாகக் காடிப் பள்ளம் வெட்டி, கல்லின் கனம் கீழே இறங்காமல் தாங்குவதற்குக் கான்கிரீட்டில் லிண்டல் போட்டார். அது இறுகட்டும் என்று சில நாள் விட்டார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, இன்றைக்கு எடுக்கலாமா இன்றைக்கு எடுக்கலாமா என்று போனில் அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

நேற்றுதான் கல்லை எடுத்தார். மெஷினை வைத்து அறுத்தும் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. "பாய் சொன்னது நெசந்தான், என்னமா எறுகிப்போச்சு" என்று அவரே அசந்துபோனார். வீடு முழுக்கச் சிவப்புப் புழுதி. கட்டிலின் தலைமாட்டுக்கு நேராக ஒரு ஜன்னல் அளவுக்கு வழி பிறந்தது. கட்டையைக் கிட்டையை வைத்து அடைக்காதீங்க, கம்பியும் வேண்டாம், அப்படியே திறந்து கிடக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்கள்.

முத்தையா சாமான்களைக் கட்டிக்கொண்டு போன பிறகு நான் ரூமுக்குள் குனிந்து புழுதியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அம்மா குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. முந்தானையில் கை துடைத்துக்கொண்டு அந்த வழியின் அருகே வந்து நின்றார்கள். நான் கட்டிலுக்குப் பின்னால் இருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. குனிந்து, உங்கள் வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டே, உங்களைப் போலவே மெதுவாகச் சொன்னார்கள்:

"மச்சான், இப்பக் கேக்குது. சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள் அத்தா. விளக்குமாற்றைப் பிடித்த கையோடு நானும் மூச்சுக் காட்டாமல் காத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் புதுக்கோட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிடுகிறோம். உங்கள் மருமகன் பஸ்ஸில் போய்வந்து வேலை பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அம்மா எந்த ரூமில் இருந்து எவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டாலும், "இந்தா வாரேன்மா" என்று சொல்ல இந்த வீட்டில் நான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். அவர்களைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் துஆவை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்,
உங்கள் ஒரே மகள்,
ஜமீலா பெற்ற நூர்ஜஹான்.