முப்பத்து மூன்று டிகிரியில் உன் அப்பா

ஓசோர்னோ, ஜூலை 19

அன்பு மகள் மைத்தேனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பாவும் நலம் என்று இன்றைக்குத்தான் தைரியமாக எழுத முடிகிறது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக் குட்டியும் அந்தப் பெர்த் ஊரில் சுகமாக இருக்க வேண்டும். உட்கார்ந்து படி. அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று போனில் சொன்னேனே, அது பொய். எட்டு மாத வயிற்றோடு விமானம் ஏறிவிடுவாயே என்ற பயம்தான், திட்டுவதானால் திட்டிக்கொள்.

போன வாரம் திங்கட்கிழமை மாட்டுச் சந்தையில் ஏலம் கூவிக்கொண்டிருந்த உன் அப்பாவுக்கு நடுவில் நாக்குக் குழறியது. "எலியோதோரோ, காலையிலயே ஏத்திட்டியா?" என்று கூட்டம் சிரித்தது. ஓரத்தில் கறி அடைத்த எம்பனாடா விற்றுக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, வலது கை துணியாய்த் தொங்குகிறது. "சிரிக்காதீங்கடா, வண்டிய எடுங்க" என்று கத்தினேன். அரை மணியில் ஆஸ்பத்திரி. மூளையின் இடப்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு. தொடை வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள். பிறகு டாக்டர் கெசாதா, உன் வயதுதான் இருக்கும், என்னைக் கூப்பிட்டு, "ரத்தம் கிடைக்காம தவிச்ச இடம் இன்னும் வீங்கும்மா. உடம்பக் குளிர வச்சா மூளையோட தேவை குறையும், சேதமும் குறையலாம். ஆனா இது ஆராய்ச்சிதான், பலன் நிச்சயமில்ல, நிமோனியா கூட வரலாம்" என்றாள். உன் அத்தை பிலோமினா குதித்தாள் பார், "முப்பது வருஷமா அவனுக்குக் கம்பளி பின்னிப் போடறேன், இவங்க ஐஸ்ல வைக்கப்போறாங்களாம், அவன் என்ன மீனா?" என்று. உங்கள் அப்பாவாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று டாக்டரைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பயந்துகிட்டே கையெழுத்துப் போடுவேன்" என்றாள். நானும் அப்படியே போட்டேன்.

மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, குளிர்நீர் ஓடும் பட்டைகளை மார்பிலும் தொடையிலும் சுற்றி, உடம்புச் சூட்டை முப்பத்தேழிலிருந்து முப்பத்து மூன்று டிகிரிக்கு இறக்கி, ஒரு நாள் முழுக்க அப்படியே. பாதத்தைத் தொட்டேன், எனக்கு உயிரே போய்விட்டது மகளே. அப்புறம் மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். புதன் மத்தியானம் கண் திறந்தார்! டாக்டர் பேனாவைக் காட்டி இது என்ன என்றாள். அவரோ அழுது வீங்கிய பிலோமினாவையே பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, "யாரு... செத்தாங்க?" என்றார்! வார்டே சிரித்தது, அத்தை அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். குளிர்தான் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது, அடைப்பைச் சீக்கிரம் எடுத்ததும் காரணமாக இருக்கலாம், நிறையப் பேருக்குச் செய்து பார்த்தால்தான் தெரியும் என்றாள் டாக்டர். அது உங்கள் கவலை என்று சொல்லி அவள் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டேன்.

இப்போது நடக்கிறார். ரொட்டியைக் குதிரை என்கிறார், குதிரை கேட்டால் ரொட்டி கொடுக்கிறேன். நீ ரத்த அழுத்தம் பார்க்கத் தவறாதே, கால் வீங்கினால் உடனே டாக்டரிடம் போ. நீ வரவேண்டாம், பிரசவத்துக்கு அத்தையை அனுப்புகிறேன். கன்னிமாதா உன்னையும் குழந்தையையும் காக்கட்டும். கீழே உள்ள கிறுக்கல் அப்பா வலது கையால் எழுதியது, கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி எழுத்துக்கு முன்பே கை ஓய்ந்துவிட்டது. முடித்துவிடுங்கள் என்றேன். "நான் யாருன்னு அவளுக்குத் தெரியும்" என்றார்.

உன் அம்மா,
ஓர்மிந்தா

அப்பா
எலியோதோ