சிவப்பும் பச்சையும் ஒரே கறுப்பு

என் வீட்டுக்காரிக்கு,

உன் புருஷன் வாயால் சொல்லி எழுத வைத்தது. நான் நலம். நீயும் மகளும் கைக்குழந்தையும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை எதிர் மெக்கானிக் கடையில் இருக்கும் மூக்குக்கண்ணாடி போட்ட பயல்தான் படித்துக் காட்டினான். என்னைப் பற்றி ஒரு வரி, அவனைப் பற்றி மூன்று வரி. அவனுக்கு இருமல் நின்றதா என்று வேறு கேட்டிருக்கிறாய். நான் இருமினால் "தள்ளிப் போய் இருமுங்க" என்பாய். "கஷ்டமான வண்டி வந்தா தம்பியைக் கேட்டுக்கோங்க" என்ற இடத்தில் அவன் குரல் ஒரு படி ஏறியது.

டாக்டரம்மா கார் விஷயம் சொல்கிறேன். நீ மகள் வீட்டுக்குப் போன மறுவாரம், அதில் பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டர் நாலையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். வண்டி ஓடியது, மனசில்லாமல் ஓடியது. நின்ற இடத்தில் நடுங்கியது. இரண்டு நாள் காது வைத்துக் கேட்டும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் அந்தம்மா என் வாசலைத் தாண்டி எதிர்க் கடைக்குள் வண்டியை விட்டார். பதினெட்டு வருஷ வாடிக்கை. கட்டினவள் எதிர்வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்தவன் போல ஸ்பானரோடு நின்றேன்.

சாயங்காலம் அவன் தனியாக வந்தான். "பெரியவரே, ஒண்ணாம் நம்பர் இன்ஜெக்டர்ல மாட்டுற ஒயர் பிளக்கும் ரெண்டாம் நம்பர் பிளக்கும் மாறிக் கிடந்துச்சு. அந்தம்மாகிட்ட, பிளக் சரியா உக்காரலைன்னு மட்டும் சொன்னேன்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பழைய கார்புரேட்டரில் நாலு சிலிண்டருக்கும் ஒரே பாத்திரம். இப்போது அப்படியில்லை. இன்ஜினோடு சுற்றும் பல்சக்கரத்தில் ஓரிடத்தில் பல் இருக்காது. கம்ப்யூட்டர் அந்தப் பொக்கையிலிருந்து எண்ணி, அடுத்து யார் முறை என்று பார்த்து, அவன் வால்வு திறப்பதற்குச் சற்று முன், கண்ணிமைக்கும் நேரம் அவனுக்கு மட்டும் பெட்ரோல் பீச்சும். பிளக் மாறினதால் ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டு பீச்சியிருக்கிறது. இருவருக்கும் சாப்பாடு கிடைத்தது, வேளை தப்பிக் கிடைத்தது.

ஒயரில் உள்ள கொசு எழுத்து எனக்கு எங்கே தெரியும்? பெல்ட் பக்கமிருந்து சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று ஐந்து வருஷம் முன்பு அந்த ஒயர்களில் நீ கட்டிவிட்ட நூல்தான் என் படிப்பு. வரிசை மறக்கவில்லை. சூட்டிலும் எண்ணெயிலும் நூல்தான் கருகிவிட்டது. சிவப்பும் பச்சையும் ஒரே கறுப்பு.

"கலர் டேப் சுத்தித் தரட்டுமா?" என்றான். "என் வீட்டுக்காரி கட்டின முடிச்சுல கை வெச்சா விரல் இருக்காதுடா" என்றேன். சிரிக்கிறான், படுபாவி.

ஆமாம், இதை எழுதுவதும் அவன்தான். என் தப்பை இன்னொருவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அவனைத் திருட்டுப்பயல் என்று இரண்டு இடத்தில் சொன்னேன். எழுதியிருக்கிறானா, மகளைப் படிக்கச் சொல்லிப் பார்.

வருஷக் கடைசி வரை இருக்கச் சொல்லி மகள் கேட்கிறாளாம். இரு. பச்சைப் பிள்ளைக்கு ஆள் வேண்டும். நான் வா என்று சொல்லவில்லை.

அவன் என் தப்பை மறைத்துச் சொன்னதில், அடுத்த மாதம் டாக்டரம்மா வண்டி மறுபடி என்னிடம் வருகிறது. நாலு நிறத்தில் நூல் வேண்டும். தபாலில் அனுப்பிவிடாதே. உன் முடிச்சு எனக்குப் போட வராது.

பேரப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். கீழே இருக்கும் கிரீஸ் பெருவிரல் ரேகை மட்டும் என் சொந்த எழுத்து.

உன் வீட்டுக்காரர்