ஐயாயிரம் வோல்ட்டும் மஞ்சள் கயிறும்

அடையாறு,
8.8.1996

அன்புள்ள உங்களுக்கு வடிவு எழுதுவது. இருமல் நின்றதா? அத்தையின் முழங்கால் வலி எப்படி? நான் நலம்.

இங்கே ஆய்வகத்தில் பாலிமர் பூசிய குறைகடத்தித் துகள்களை எண்ணெயில் கலக்கிறோம். மின்சாரம் கொடுத்ததும் அந்த எண்ணெய் கெட்டித் தயிராக இறுக வேண்டும். செவ்வாயன்று இறுகுகிறதா என்று குனிந்து பார்த்தேன். தாலிச் சங்கிலி முன்னால் தொங்கி, பொறி தெறித்தது. எனக்கு ஒன்றுமில்லை, சங்கிலியில்தான் ஒரு கரும்புள்ளி. எலக்ட்ரீஷியன் ஜவஹர் ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்தினார்.

"இன்னா மேடம், மூவாயிரம் வோல்ட்டாண்ட சங்கிலிய மாட்டிக்கினு குனியிறியே! உன் வூட்டுக்காரருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

இனிமேல் கழுத்தில் உலோகம் கூடாதாம். பாதியில் நின்ற சோதனையை அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி செய்கிறோம், இந்த முறை ஐயாயிரம் வோல்ட். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வெறுங்கழுத்தோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை. அத்தையிடம் காரணம் சொல்லாமல், மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்து உடனே தபாலில் அனுப்புங்கள். மயிலாப்பூரில் கோயில் வாசலிலேயே கிடைக்கும், தெரியும். ஆனாலும் நீங்கள் கோத்தது என்றால் தைரியமாகச் சுவிட்சைப் போடுவேன்.

தபால்காரர் பெட்டியைத் திறந்துவிட்டார், ஓடுகிறேன்.

வடிவு