அன்றே விழுந்த சிவப்புக் கோடு

அய்யா உண்டு.

அஞ்சுகிராமம்

என் தங்கச்சி மகள், அன்பு மருமகள் இந்துஜாவுக்கு, மாமன் நாராயணபெருமாள் எழுதுவது. பெங்களூரில் நீ சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன். உன் மாமி முத்துக்கனி பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். அதனால்தான் கடிதம்.

மாமிக்கு இப்போது வாரத்தில் இரண்டு நாள் நாகர்கோவிலில் டயாலிசிஸ். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். வாழைத்தோட்டத்தில் வெயிலில் நின்று ஆட்களை வேலை வாங்கியவள், இன்று தண்ணீரை அளந்து குடிக்கிறாள். போன வருடமே வந்திருந்தால் மருந்திலேயே ரொம்ப காலம் தள்ளியிருக்கலாம் என்று டாக்டர் என்னை ஏசினார்.

போன வருடம்தானே நீ உன் ஆபீஸ் ஆட்களோடு வந்து நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ரத்தச் சோதனை முகாம் போட்டாய்? சிறுநீரகம் கெடத் தொடங்கும்போதே ரத்தத்தில் ஒரு புரதம் கூடுமாம். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் அதில் போய் ஒட்டிக்கொண்டு, சோதனை அட்டையில் சிவப்புக் கோடாகத் தெரியுமாம். பெரிய ஆஸ்பத்திரிச் சோதனையில் பிடிபடாத அளவையும் காட்டிவிடுமாம். நீ மைக்கில் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. சர்க்கரை வியாதி உள்ளவர்களையெல்லாம் மாமிதான் தெருத்தெருவாகப் போய் அழைத்து வந்தாள். "எங்க இந்துஜா கண்டுபிடிச்சதாக்கும், வாங்க" என்று அவளே முதலில் விரலை நீட்டினாள்.

போன வாரம் நீ போனில் அழுதுகொண்டே சொன்னாய்: "மாமியோட அட்டையில அன்னைக்கே கோடு விழுந்துது மாமா. சொல்லக்கூடாதுன்னு எங்களுக்கு ரூல்."

என்ன ரூல் அது? சோதனை இன்னும் நிரூபணமாகவில்லை, தவறாகவும் காட்டலாம், ஜனங்களை வீணாகப் பயமுறுத்தக்கூடாது என்று உன் மேலதிகாரி சொன்னாராம். சரி, கோட்டை நம்ப வேண்டாம். "மாமி, ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்று சொல்ல என்ன நிரூபணம் வேண்டும்? அன்று மதியம் அவள் பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தானே வண்டி ஏறினாய்?

மாமி உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. "வேலைக்குப் போன எடத்துல பிள்ள என்ன செய்வா? அவள ஏசாதீங்க" என்று என்னைத்தான் அடக்குகிறாள். எனக்கு அந்த மனசு இல்லை.

நேற்று எதிர்வீட்டு ஆன்ட்ரூஸ் நம் உரக்கடைக்கு வந்தார். அவரும் அன்று ரத்தம் கொடுத்தவர். "உங்க மருமக ஒண்ணும் சொல்லலியே, அப்ப நமக்கு ஒண்ணும் இல்ல" என்று சிரித்தார். செருப்பு வார் பதியும் அளவுக்கு அவர் கால் வீங்கியிருந்தது; மாமிக்கும் இப்படித்தான் வீங்கியது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினேன். நீங்கள் சொல்லாததை எல்லாரும் நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இந்துஜா. மற்றவர்களில் யார் யாருக்குக் கோடு விழுந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

மேலதிகாரியிடம் போய்ச் சண்டை போடு. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்ல வை. அவர் மறுத்தால் நீயே வந்து வீடு வீடாகச் சொல். நான் கூட வருகிறேன். வேலை போனால் போகட்டும், உனக்கு வேறு கிடைக்கும்.

என் முகத்தில் விழிக்கப் பயந்து வராமல் இருந்துவிடாதே. நான் ஏசுவேன், கேட்டுக்கொள். அதன் பிறகு மாமி உனக்குச் சோறு போடுவாள். நான் தடுக்க மாட்டேன். நாம் கும்பிடும் அய்யா உனக்குத் துணிவைத் தரட்டும். சீக்கிரம் வா, இந்துஜா மக்களே.

உன் மாமன்,
நாராயணபெருமாள்