வரைபடத்தில் ஆறு புள்ளிகள்

என் மேரியக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் ஒன்பது மாதமாகிறது. நம் பெண்கள் சங்கத்தில் உன் நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி என் பையை அதில் வைத்திருக்கிறேன். சிரிக்காதே. இன்றைக்கு நான் கொண்டுவந்திருப்பது சிரிக்கிற சேதி இல்லை.

அடி தாங்காமல் வருகிற பெண்களைத் தங்கவைக்க நமக்கு ஆறு வீடுகள் உண்டு. அந்த விலாசங்களை நீ எங்கேயும் எழுதியதில்லை. "எழுதினா யாராவது படிப்பாங்க சரோஜா" என்பாய். ஆஸ்பத்திரியில் படுத்தபடி ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னாய். மறந்துவிடுமோ என்று பயந்து, வெளியே வந்ததும் காலண்டர் தாளின் பின்னால் குறித்துக்கொண்டேன். உன்னிடம் அதைச் சொல்லவில்லை.

ஆடியில் சென்னையிலிருந்து மூன்று பிள்ளைகள் வந்தார்கள். பொதுக்கொள்கை என்று ஏதோ முதுகலைப் படிப்பாம். நம்மைப் போன்ற சின்னச் சங்கங்களுக்கு இலவசமாக ஆலோசனை அறிக்கை எழுதித் தருவார்களாம். நம்மை மதித்து இதுவரை யார் வந்தார்கள் சொல்லு? பள்ளிபாளையத்து வெயிலில் அலைந்து அலைந்து கறுத்துப்போனார்கள் பாவம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மூவரில் நிவேதா கெட்டிக்காரி. "இந்த மாதிரி வீடுகளுக்கு அரசு உதவணும்னு கேட்கப் போறோம் மேடம். எங்கெங்கே இருக்குன்னு காட்டினாத்தான் நம்புவாங்க" என்றாள். காலண்டர் தாளை எடுத்து நீட்டினேன்.

பெண்களின் பெயர், வீடு கொடுத்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் கவனமாக மாற்றினார்கள். வரைபடத்தில் ஆறு சிவப்புப் புள்ளிகள் வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரிதாக்கினால் கிணறும் தென்னையும்கூடத் தெரியும் என்று அவர்களுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. அறிக்கை அவர்கள் கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஏறியது. பெருமை தாங்காமல் அதை நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டது யார் தெரியுமா? நான்தான் அக்கா.

இன்று காலை எட்டு மணிக்கு ஒரு போன். பூங்கொடியின் புருஷன். அவளை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு ஒடிந்த மணிக்கட்டோடு வந்தவள். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறான் அவன். கத்தப் போகிறான் என்று நினைத்தேன்.

"நல்லா இருக்கீங்களாக்கா? உங்க ரிப்போர்ட்டைப் பார்த்தனுங்க. மேப்பு ரொம்பத் தெளிவா இருக்குதுங்க" என்றான். அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

பூங்கொடி இருப்பது வாழப்பாடிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில். உடனே அங்கே கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. போலீசுக்குச் சொன்னேன், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். மற்ற ஐந்து வீட்டுப் பெண்களை நம் ஆட்களும் நிவேதாவின் கூட்டாளிகள் இரண்டு பேரும் இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே என்று இதில் எழுத மாட்டேன், எழுதினால் யாராவது படிப்பார்கள் என்று நீதானே சொன்னாய்.

நானும் நிவேதாவும் வாடகைக் காரில் போய்க்கொண்டிருக்கிறோம். சேலம் தாண்டியாயிற்று. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். அறிக்கையை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன, பார்க்க வேண்டியவன் பார்த்துவிட்டானே. "பேரெல்லாம் மாத்தினோமே மேடம்" என்று பக்கத்தில் நிவேதா அழுதுகொண்டே வருகிறாள். திட்ட எனக்கு வாய் வரவில்லை. தாளைக் கொடுத்தவள் நான் அல்லவா?

நீ இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளை என்ன சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பாய்? பயமாக இருக்கிறது அக்கா. ரொம்பப் பயமாக இருக்கிறது.

இதோ, இப்போதுதான் அந்தத் தோட்டத்து வீட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. "பூங்கொடி, சாமி, நல்லா இருக்கறயா?" என்றேன். பின்னால் ஏதோ வண்டி ஓடுகிற சத்தம். பிறகு காலையில் கேட்ட அதே மரியாதைக் குரல் கேட்டது.

"எது வரைக்கும் வந்துட்டீங்கக்கா?"

டிரைவர் வண்டியை நிறுத்தட்டுமா என்று என் முகத்தைப் பார்க்கிறார். போகச் சொல்லிவிட்டேன். அவளில்லாமல் நான் ஊர் திரும்ப மாட்டேன். உனக்கு நான் செய்கிற சத்தியம் இது.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
சரோஜா